இஆர்பி கட்டணம் கழியாதபோது: அறிகுறியிலிருந்து கோளாற்றைக் கண்டுபிடிக்கும் வழி

சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் கட்டணம் வசூலிக்கும் மின்னியல் முறையான இஆர்பி, வண்டியை நிறுத்துவதில்லை. தடுப்புக்கட்டையும் இல்லை, சாவடியில் ஆளும் இல்லை. பணம் கழிந்தாலும் கழியாவிட்டாலும் வண்டி அதே வேகத்தில் கட்டண வாயிலைக் கடந்துவிடும். இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. கோளாறு நேர்ந்த இடத்தில் அது கண்ணுக்குப் படாமல், பல நாள் கழித்து ஒரு கடிதமாக வீட்டு வாசலுக்கு வருவதே பெரும்பாலும் நடக்கிறது. அதற்குள் அதே கோளாற்றோடு மத்திய விரைவுச்சாலையிலும் ஆயர் ராஜா விரைவுச்சாலையிலும் எத்தனை வாயில்களைக் கடந்தோமோ, அத்தனைக்கும் தனித்தனியே கணக்கு எழுதப்பட்டிருக்கும். எனவே, கடிதம் வரும்வரை காத்திராமல் முதல் அறிகுறியிலேயே காரணத்தைத் தேடுவதற்கு இந்த வழிமுறை உதவும்.

தேடுவதற்கு முன், பணம் எப்படிக் கழிகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1975 ஜூன் மாதம் நகர மையத்துக்குள் நுழையக் காகித உரிமச் சீட்டு தேவைப்பட்ட காலத்தில், சாலையோரத்தில் நின்ற அதிகாரிகள் வண்டியின் முகப்புக் கண்ணாடியைப் பார்த்தே சோதித்தார்கள். 1998இல் அந்தச் சீட்டின் இடத்துக்கு மின்னியல் சாலைக் கட்டண முறை, அதாவது இஆர்பி, வந்தது. வண்டியில் பொருத்தப்பட்ட ஐயு கருவியோடு வாயிலின் அலைவாங்கி வானொலி அலை மூலம் பேசி, அதில் செருகப்பட்ட அட்டையிலிருந்து அந்த நொடியிலேயே பணத்தைக் கழித்துக்கொள்கிறது. கழிக்க முடியாவிட்டால் வாயிலில் உள்ள கேமரா வண்டியின் பின்புற எண் பலகையைப் படமெடுக்கிறது. 2023 நவம்பரிலிருந்து ஐயு கருவிக்குப் பதிலாக ஓபியு கருவி படிப்படியாகப் பொருத்தப்பட்டு வருகிறது. 2024 மே 1 முதல் புதிதாகப் பதிவாகும் வண்டிகளில் அதுவே இருக்கிறது. புதிய கருவி செயற்கைக்கோள் வழி இடமறியும் திறன் கொண்டதாயினும், இப்போதைக்குக் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாடு பழையதே. கடந்த தூரத்துக்கு அல்ல, கடந்த வாயிலுக்கே பணம் கழிகிறது.

ஆக, கோளாறு மூன்றில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும்: அட்டையில், கருவியில், அல்லது அவற்றுக்கு வெளியே உள்ள கணக்கில். என் அனுபவத்தில், இந்த மூன்றில் அட்டையை முதலில் சந்தேகிப்பவர்தான் விரைவில் விடை காண்கிறார். கருவியைத் திறப்பதும் கம்பிகளை அசைப்பதும் எந்தக் கட்டத்திலும் தேவையில்லை. கருவி அந்த வண்டியின் பதிவோடு பிணைக்கப்பட்டது என்பதால் அதைக் கழற்றுவதும் வேறு வண்டிக்கு மாற்றுவதும் குற்றமாகும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கட்டணம் கழியவில்லை என்று தோன்றினால் விரைவுச்சாலையில் வேகத்தைக் குறைத்தோ, ஓரத்தில் நிறுத்தியோ பார்க்காதீர்கள். கழியாத கட்டணத்தைப் பிறகு கட்டிவிடலாம்.

வாயிலைக் கடந்தேன், ஒலியும் இல்லை, இருப்பும் குறையவில்லை

இது எப்போதும் கோளாறு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் கட்டணம் இல்லை. மற்ற நாள்களிலும் ஒவ்வொரு வாயிலுக்கும் தனி நேரமும் தனித் தொகையும் உண்டு. விரைவுச்சாலைகளில் வண்டிகள் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் வேகத்திலும் முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்திலும் ஓட வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையம் வைத்திருக்கும் அளவுகோல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேகத்தை அளந்து, அதற்கேற்பக் கட்டணத்தை ஏற்றவோ இறக்கவோ செய்கிறது; ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் பல இடங்களில் கட்டணம் தனியாகக் குறைக்கப்படுகிறது. சென்ற மாதம் காலை எட்டரை மணிக்கு இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கழிந்த வாயிலில் இந்த மாதம் அதே நேரத்தில் ஒன்றும் கழியாமல் போவது இயல்பே. வாயிலின் முன்னுள்ள மின்பலகையில் அந்த நேரத்துக்கான தொகை எரியும். அந்தப் பலகையில் தொகை ஏதும் இல்லையென்றால் உங்கள் அட்டையும் கருவியும் நலமாகவே இருக்கலாம்.

பலகையில் தொகை எரிந்தும் கழியவில்லை என்றால், நீங்கள் பின்புலக் கட்டண வசதியில் சேர்ந்திருக்கிறீர்களா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். நெட்ஸ் நிறுவனத்தின் விகேஷ்கார்டு போன்ற சேவைகளில், கருவிக்குள் அட்டை இருக்க வேண்டியதில்லை; கட்டணம் பிறகு உங்கள் கடன் அட்டைக்கோ வங்கி அட்டைக்கோ போய்ச் சேரும். குடும்பத்தில் ஒருவர் சேர்ந்துவிட்டு மற்றவரிடம் சொல்லாமல் விடுவது நான் பலமுறை கண்டது. இந்த வசதியும் இல்லையென்றால், அடுத்த இரண்டு பகுதிகள் உங்களுக்கானவை.

அட்டையைச் செருகினேன், கருவி ஏற்க மறுக்கிறது

வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தியபின் அட்டையை வெளியே எடுத்து, மென்மையான உலர்ந்த துணியால் அதன் முகத்தைத் துடைத்து, கருவியின் மேல் காட்டப்பட்ட திசையில் மீண்டும் செருகுங்கள். தலைகீழாகச் செருகுவதும், முழுதாக உள்ளே போகாமல் விடுவதும் மிகச் சாதாரணமாக நடக்கின்றன. ஓபியு கருவி உள்ள கார்களில் அட்டை திரையில் அல்ல, கீழே உள்ள செயலாக்கப் பெட்டியில்தான் செருகப்படுகிறது. அந்தப் பெட்டி பல வண்டிகளில் முன்பயணியின் கால் வைக்கும் இடத்தருகே இருப்பதால், காலோ பையோ இடித்து அட்டை சிறிது வெளியே வந்துவிட வாய்ப்புண்டு. பார்வைக்குச் செருகியதுபோலவே தெரியும்; விரலால் அழுத்திப் பார்த்தால்தான் புலப்படும்.

அப்படியும் ஏற்கவில்லை என்றால், பணம் இருக்கும் வேறோர் அட்டையைச் செருகிப் பாருங்கள். இதற்காகவே ஒவ்வொரு வண்டியிலும் இரண்டாவது அட்டை ஒன்று இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். இரண்டாவது அட்டை வேலை செய்தால் கருவியில் பழுதில்லை. முதல் அட்டையே காரணம். இரண்டும் வேலை செய்யாவிட்டால் சந்தேகம் கருவியின் பக்கம் திரும்புகிறது.

முதல் அட்டைதான் காரணம் என்று தெரிந்தபின் அது எந்த வகை அட்டை என்று பாருங்கள். இங்கேதான் மிகுந்த குழப்பம். பேருந்திலும் ரயிலிலும் பயன்படுத்தும் சிம்ப்ளிகோ ஈஸி-லிங்க் அட்டையில் பணம் அட்டைக்குள் இருப்பதில்லை. அது தொலைவிலுள்ள கணக்கில் இருக்கிறது. வாயிலைக் கடக்கும் கண்ணிமைப் பொழுதில் கருவி அட்டைக்குள் எழுதப்பட்ட இருப்பிலிருந்துதான் கழிக்கிறது, தொலைவுக் கணக்கைப் போய்க் கேட்பதில்லை. ஆகவே அத்தகைய அட்டையில் ஐம்பது வெள்ளி இருப்பதாகக் கைப்பேசி காட்டினாலும் இஆர்பிக்கு அது பயன்படாது. இதே காரணத்தால் வங்கிகள் தரும் தொடுகை அட்டைகளைச் செருகியும் பயனில்லை. வாகனக் கட்டணங்களுக்கென்றே விற்கப்படும் நெட்ஸ் மோட்டரிங் அட்டை, ஈஸி-லிங்க் மோட்டரிங் அட்டை ஆகியவையும், இருப்பை அட்டைக்குள்ளேயே வைத்திருக்கும் பழைய வகை அட்டைகளுமே இதற்கு உரியவை. வீட்டில் பெரியவர்களுக்கு அட்டை வாங்கித் தருபவர்கள், கடையில் கேட்கும்போதே ‘வண்டிக்கு’ என்று தெளிவாகச் சொல்லி வாங்க வேண்டும்.

வகை சரியாக இருந்தும் வேலை செய்யாத அட்டை, காலாவதியாகியிருக்கலாம் அல்லது உள்ளே உள்ள சில்லு பழுதாகியிருக்கலாம். நண்பகல் வெயிலில் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் நாள்தோறும் நிற்கும் வண்டியில் அட்டையை விட்டுவிட்டுப் போனால் அது வளைந்துபோகும். வளைந்த அட்டை சில நாள் படிக்கும், சில நாள் படிக்காது. இப்படி விட்டு விட்டு வரும் கோளாறுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. அட்டையைச் சமமான மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஓரம் எழும்பியிருந்தால் மேலும் சோதிக்காமல் மாற்றிவிடுங்கள். மீதத் தொகையை அட்டை வழங்கிய நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம்.

பணம் நிரப்பினேன், இருப்புப் போதாது என்கிறது

முந்தைய பகுதியில் சொன்ன உண்மையின் மறுபக்கம் இது. மோட்டரிங் அட்டையில் இருப்பு அட்டைக்குள் எழுதப்பட வேண்டும். கைப்பேசிச் செயலியில் பணம் செலுத்துவது முதல் படி. அட்டையைக் கைப்பேசியின் பின்புறத்தில் ஒட்டிவைத்து அத்தொகையை உள்ளே எழுதுவது இரண்டாம் படி. முதல் படியோடு நிறுத்திவிட்டாலோ, எழுதி முடிப்பதற்குள் அட்டையை எடுத்துவிட்டாலோ, வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும், அட்டையில் ஏறியிருக்காது. செயலியை மீண்டும் திறந்து, அட்டையை அசையாமல் வைத்து, புதிய இருப்பு திரையில் தெரிந்தபின் எடுங்கள். கைப்பேசியில் இது கைகூடவில்லை என்றால் பணம் நிரப்பும் இயந்திரத்துக்குச் சென்று நிரப்புவதே நிம்மதி.

தானியங்கி நிரப்பு வசதி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு காரணம் உண்டு. அந்த வசதி ஒரு வங்கி அட்டையை நம்பியிருக்கிறது. வங்கி அட்டை காலாவதியாகிப் புதியது வந்தபோது அதன் விவரத்தை மாற்றாமல் விட்டால், நிரப்பு ஒருநாள் சத்தமின்றி நின்றுபோகும். பல ஆண்டுகள் தொல்லையின்றி ஓடியவர்களுக்குத்தான் இது நேர்கிறது, ஏனெனில் அவர்கள்தான் இருப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டவர்கள். புதிய வங்கி அட்டை கைக்கு வந்த நாளிலேயே இதையும் மாற்றிவிடுவது நன்று.

கழிந்த தொகை எதிர்பார்த்ததைவிட அதிகம், அல்லது குறைவு

தொகை பெரும்பாலும் அரைமணிக்கு ஒருமுறை மாறும். நீங்கள் பார்க்கும் கைக்கடிகாரத்தை வாயில் பார்ப்பதில்லை. அதற்கென உள்ள நேரமே கணக்கு. கட்டணம் வெகுவாக ஏறும் அல்லது இறங்கும் நேரங்களில், நடுவே ஐந்து நிமிடத்துக்கு இடைப்பட்ட தொகை ஒன்று வைக்கப்படுவதும் உண்டு. அதிகக் கட்டணம் தொடங்குமுன் கடந்துவிட வேண்டும் என்று சிலர் வேகமெடுப்பதும், குறையும்வரை சிலர் வாயிலுக்கு முன் ஊர்ந்து நிற்பதும் விபத்துக்கு வழிவகுத்ததால் வந்த ஏற்பாடு இது. எனவே அட்டவணையில் ஒரு வெள்ளி, மூன்று வெள்ளி என்று மட்டும் நினைவு வைத்திருப்பவருக்கு இரண்டு வெள்ளி கழிந்தால் அது பிழையாகத் தோன்றும், ஆனால் பிழையன்று.

வண்டியின் வகையையும் பாருங்கள். கார், டாக்சி, இலகுரக லாரி ஆகியவற்றின் கட்டணத்தை ஒன்று என்று வைத்தால், மோட்டார்சைக்கிளுக்கு அதில் பாதி, கனரக லாரிக்கும் சிற்றுந்துக்கும் ஒன்றரை, மிகக் கனரக லாரிக்கும் பெரிய பேருந்துக்கும் இரண்டு. நேற்றுவரை வேன் ஓட்டிவிட்டு இன்று பெரிய லாரி ஓட்டுபவர் இந்த வேறுபாட்டைக் கண்டு திகைப்பதுண்டு. நேரமும் வகையும் ஒத்துப்போயும் தொகை ஒவ்வாவிட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் அந்த வாயிலுக்கான அன்றைய அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு ஆணையத்துக்கு எழுதுங்கள். நாள், மணி, வாயில் இருக்கும் இடம், கழிந்த தொகை ஆகிய நான்கும் இல்லாத புகாரை ஆராய்வது அவர்களுக்கும் கடினம்.

கருவியில் விளக்கே இல்லை, திரை இருண்டிருக்கிறது

கருவிக்கு மின்சாரம் வண்டியின் பேட்டரியிலிருந்து வருகிறது. ஆகவே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அண்மையில் இந்த வண்டிக்கு என்ன வேலை செய்யப்பட்டது என்பதே. பேட்டரி மாற்றம், முகப்புக் கண்ணாடி மாற்றம், கேமரா பொருத்துதல் ஆகிய வேலைகளில் கம்பி தளர்ந்துபோகலாம், மின்காப்பு உருகி (ஃபியூஸ்) எரிந்துபோகலாம். வேலை செய்த பட்டறைக்கே வண்டியைக் கொண்டுபோய், கருவிக்கு மின்சாரம் வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் வந்தும் கருவி உயிர்பெறாவிட்டால், பட்டறை அதற்குமேல் கைவைக்கக் கூடாது. ஆணையம் அங்கீகரித்த இடத்துக்கே போக வேண்டும். ஐயு கருவியை விக்காம், ஜேஐசி, எஸ்டிஏ ஆகிய வாகனச் சோதனை நிலையங்களில் பார்க்கலாம். ஓபியு கருவியாக இருந்தால் அதைப் பொருத்த அங்கீகாரம் பெற்ற பட்டறையில் முன்பதிவு செய்யுங்கள்.

திரை வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தவர்களின் காரில் ஓபியு திரை இருக்காது, அது பழுதன்று. பயன்படுத்திய கார் வாங்கியவர்கள், முன்னைய உரிமையாளர் திரையைத் தவிர்த்திருந்தாரா என்று கேட்டறியுங்கள்.

கட்டணம் செலுத்தப்படவில்லை என்று கடிதம் வந்திருக்கிறது

கடிதத்தில் மூன்றைச் சரிபாருங்கள்: வண்டி எண், நாள், நேரம். மூன்றும் உங்கள் பயணத்தோடு ஒத்துப்போனால், முதலில் கட்டிவிடுங்கள்; கோளாற்றின் காரணத்தைப் பிறகு தேடலாம். விடுபட்ட கட்டணத்தோடு நிர்வாகக் கட்டணமாக 10 வெள்ளி சேரும். இணையவழி கட்டினால் அது சற்றுக் குறையும். கடிதத்தைப் பொருட்படுத்தாமல் விட்டால் அது 70 வெள்ளி அபராதமாக வளர்ந்து, அதையும் விட்டால் நீதிமன்றம்வரை போகும். ஒரு வெள்ளிக் கட்டணத்துக்காக அந்த நிலைக்குப் போவது வருத்தத்துக்குரியது. ஒன்மோட்டரிங் இணையத்தளத்திலோ ஏஎக்ஸ்எஸ் கட்டண இயந்திரத்திலோ கட்டலாம். ஓபியு கருவி உள்ளவர்கள் கடிதத்துக்குக் காத்திராமல், கழியவில்லை என்ற எச்சரிக்கை வந்ததுமே இணையத்தளத்தில் பார்த்துக் கட்டிவிடுவது நல்லது.

இங்கே நம் தமிழ் ஓட்டுநர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துவாசிலும் காக்கி புக்கிட்டிலும் நிறுவன லாரி ஓட்டுபவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தோழர்கள் ஏராளம். கடிதம் வண்டியை ஓட்டியவருக்கு வருவதில்லை. பதிவு செய்த உரிமையாளரான நிறுவனத்துக்கே போகிறது. அலுவலகத்தில் அது சில நாள் கிடந்து, பிறகு யார் அன்று ஓட்டினார் என்று தேடி, கடைசியில் ஓட்டுநரின் காதில் விழும்போது, அந்த நாளில் அட்டையில் பணம் இருந்ததா, கருவி வேலை செய்ததா என்பதை யாராலும் நிறுவ முடியாது. பழி அவர்மேல் விழுவது எளிது. இதைத் தவிர்க்க ஒரு சிறு பழக்கம் போதும். காலையில் வண்டியை எடுக்கும்போது கருவியில் தெரியும் இருப்பைக் கைப்பேசியில் ஒரு படம், மாலையில் விடும்போது இன்னொரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இருப்புக் குறைவாக இருந்தால், புறப்படுமுன்பே அந்தப் படத்தை மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி, “அண்ணே, கார்டுல காசு கம்மியா இருக்கு, டாப்-அப் பண்ணணும்” என்று எழுதிவையுங்கள். நாள், நேரத்தோடு பதிவாகும் அந்த ஒரு வரி, பின்னால் உங்களுக்குத் துணை நிற்கும். நிறுவனம் நடத்தும் நம்மவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: லாரிகளைப் பின்புலக் கட்டண வசதியில் சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

வண்டி எண் உங்களுடையது, ஆனால் அந்த நேரத்தில் வண்டி வேறிடத்தில் நின்றது என்றால், வாயிலில் எடுக்கப்பட்ட படத்தைக் காட்டும்படி கேளுங்கள். கார் நிறுத்துமிட ரசீது, பட்டறை ரசீது போன்றவற்றை இணைத்து முறையிடுங்கள்.

குறுஞ்செய்தியில் இஆர்பி பாக்கி என்று ஓர் இணைப்பு வந்திருக்கிறது

தொடாதீர்கள். விடுபட்ட சாலைக் கட்டணம் என்று சொல்லி வங்கி அட்டை விவரத்தைப் பறிக்கும் மோசடிகள் பெருகியுள்ளன. தொகை சிறிதாக இருப்பதால் பலர் யோசிக்காமல் கட்டிவிடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் ‘கவ் டாட் எஸ்ஜி’ (gov.sg) என்ற ஒரே பெயரில் வருகின்றன. அந்தப் பெயரில் வந்தாலும் இணைப்பைத் தொடாமல், நீங்களே ஒன்மோட்டரிங் இணையத்தளத்தைத் திறந்து பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஐயமிருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம். விவரத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தால் முதலில் அழைக்க வேண்டியது உங்கள் வங்கியை.

மோட்டார்சைக்கிளில் மழை நாளில் மட்டும் கழியவில்லை

கருவியின் அட்டை மூடி சரியாக அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் புகுந்திருந்தால் அட்டையை வெளியே எடுத்து இரண்டையும் காயவிடுங்கள். காய்ந்தபின் சரியாகிவிட்டாலும் அப்படியே விடாமல், கருவியைச் சோதிக்கக் கொடுங்கள். அடுத்த மழைக்கு அது மீண்டும் நிற்கும்.

கார் நிறுத்துமிடத்தில் தடுப்புக்கட்டை எழவில்லை

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நிறுத்துமிடங்களும் பெரும்பாலான கடைத்தொகுதிகளும் இஆர்பிக்கான அதே கருவியைக் கொண்டே கட்டணம் வாங்குகின்றன. ஆகவே, இது உண்மையில் நல்ல சோதனைக்களம். வாயிலில் கழியாத அட்டை இங்கே கழிந்தால் அட்டையும் கருவியும் நலம் என்று கொள்ளலாம். கட்டை எழவில்லை என்றால், முன்வண்டியை ஒட்டிப் போய் நின்றீர்களா என்று பாருங்கள். முன்வண்டி நகர்ந்து கட்டை ஒருமுறை இறங்கிய பிறகுதான் உங்கள் கருவி படிக்கப்படும். உங்கள் பின்னால் வண்டி நிற்கும்போது பின்னோக்கி எடுக்காமல், அழைப்புப் பொத்தானை அழுத்தி உதவி கேளுங்கள். உள்ளே நுழைந்தபோது பதிவானது கருவியின் எண்ணே தவிர அட்டை அன்று. எனவே வெளியேறும்போது இருப்புப் போதாவிட்டால் வேறோர் அட்டையைச் செருகிக் கட்டலாம்; கணக்குக் குழம்பாது.

வண்டியை விற்றுவிட்டேன், ஆனாலும் பணம் போகிறது

பின்புலக் கட்டண வசதி வண்டியோடும் அதன் கருவி எண்ணோடும் பிணைக்கப்பட்டது. உரிமையாளர் மாறியதும் அது தானாக அறுந்துபோகும் என்று நம்பியிராமல், ஒப்படைக்கும் நாளிலேயே சேவை நிறுவனத்திடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். கருவிக்குள் மறந்துபோன அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜோகூர் பக்கம் சென்றபோது சுங்க வாயில் திறக்கவில்லை

கடற்பாலத்தையோ துவாஸ் இரண்டாம் இணைப்பையோ தாண்டியதும் இதுவரை சொன்ன அட்டையும் கருவியும் பயனற்றவை ஆகிவிடுகின்றன. மலேசிய நெடுஞ்சாலைகள் ரொக்கம் வாங்குவதில்லை. முன்பணம் நிரப்பிய டச் என் கோ அட்டை, அந்த அட்டையைச் செருகும் ஸ்மார்ட்டேக் கருவி, வண்டியில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி ஒட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனித் தடங்கள் உண்டு. உங்களிடம் இருப்பது எதுவோ அதற்குரிய தடத்தை, சாவடிக்கு நெடுந்தொலைவு முன்பே பலகையைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். தவறான தடத்தில் நுழைந்து, கட்டை எழாமல், பின்னால் பத்து வண்டிகள் ஒலியெழுப்பும் நிலை பெரும்பாலும் இதனால்தான் வருகிறது.

சிங்கப்பூர் முறையில் பழகியவர்கள் தவறவிடுவது இன்னொன்று. கோலாலம்பூர் செல்லும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் பெரும்பகுதியில் கட்டணம் தூரத்துக்கு ஏற்ப வாங்கப்படுகிறது. நுழையும்போது எந்த அட்டையைக் காட்டினீர்களோ, வெளியேறும்போதும் அதே அட்டையைத்தான் காட்ட வேண்டும். நுழையும்போது அட்டையில் பணம் கழியாததால் அது முக்கியமில்லை என்று எண்ணி, வெளியேறும்போது மனைவியின் அட்டையைக் காட்டினால், நீங்கள் எங்கே நுழைந்தீர்கள் என்பது அந்த அட்டையில் இருக்காது. கட்டை எழாது, அல்லது மிகத் தொலைவான இடத்திலிருந்து வந்ததாகக் கணக்கிடப்படும். இது நேர்ந்தால் உதவிப் பொத்தானை அழுத்தி, நுழைந்த அட்டையைக் காட்டுங்கள். ஆர்எஃப்ஐடி தடத்தில் நுழைந்தவர் அட்டைத் தடத்தில் வெளியேறினாலும் இதே நிலைதான்.

சிங்கப்பூர்க் கார்களுக்கு மலேசியாவின் விஇபி (வாகன நுழைவு அனுமதி) ஒட்டி இப்போது கட்டாயம்; 2025 ஜூலை 1 முதல் அது இல்லாமல் நுழைந்தால் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. சாலைக் கட்டணமான 20 ரிங்கிட் தனி. ஒட்டி இருந்தும் படிக்கப்படவில்லை என்றால், அதன்மேல் கண்ணாடியின் நிறப்படலம் மறைக்கிறதா, டச் என் கோ மின்பையோடு அது இணைக்கப்பட்டிருக்கிறதா, மின்பையில் ரிங்கிட் இருக்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். ஒட்டியைப் பிரித்து வேறிடத்தில் ஒட்ட முயன்றால் அது கிழிந்து செயலிழக்கும். இடம் தவறென்று தெரிந்தால் புதிய ஒட்டிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.